அம்மாவுடன் கியோத்தோவில் பத்து நாள்: தேநீர்ச் சடங்கு, சாயத்தொட்டி, பொம்மலாட்டம், எதற்கு நேரம் ஒதுக்கலாம்?

மழைக்காலப்பயணி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் இரண்டாம் வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஜப்பான் போகிறேன். மொத்தம் பத்து நாள், கியோத்தோவில் அறை எடுத்தாயிற்று. கோயில்களும் சிவந்த இலைகளும் எப்படியும் கண்ணில் படும். அம்மாவின் ஆசை வேறு. மதுரையில் முப்பது வருடம் தையல் ஆசிரியையாக இருந்தவர். "எதையாவது கையால செஞ்சு பாக்கணும், அவங்க செய்யும்போது பக்கத்துல உக்காந்து பாக்கணும்" என்கிறார்.

இணையத்தில் தேடினால் தேநீர்ச் சடங்கு, கிமோனோ, மலர் அலங்காரம், தூரிகை எழுத்து, உடைந்த கிண்ணத்தைத் தங்கத்தால் ஒட்டுவது என்று ஒவ்வொன்றும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குக் கிடைக்கிறது. ஒரே நாளில் மூன்றை முடித்துவிடலாம் போலிருக்கிறது. இதில் எது உருப்படியானது? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம். இரண்டையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தெற்குவாசல்

நான் இரண்டு வருடத்துக்கு முன் போய் வந்தேன். தேநீர்ச் சடங்கு என்று பணம் கட்டிப் போனால் ஓர் அறையில் இருபது பேர். ஒருவர் ஒலிவாங்கி வைத்துக்கொண்டு விளக்கினார், இன்னொருவர் தேநீர் கலக்கினார், எல்லோரும் படம் எடுத்தார்கள். நாற்பத்தைந்து நிமிடத்தில் எழுப்பிவிட்டார்கள், வாசலில் அடுத்த குழு நின்றுகொண்டிருந்தது. தேநீர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அதில் எதுவும் ஒட்டவில்லை. அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு தோட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பயணிகளுக்காக நடத்தும் எதுவும் அசல் கிடையாது என்பது என் கருத்து.

நாராவாசி

வணக்கம். நாரா பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் ஓர் ஆசிரியையின் வீட்டில் தேநீர் கற்கிறேன், இது ஏழாவது வருடம். ஃபுகுசா என்ற பட்டுத்துணியை மடிக்கும்போது அவர் இன்னமும் என் விரலைப் பிடித்துத் திருத்துகிறார்.

தெற்குவாசல் சொல்லும் வருத்தம் எனக்குப் புரிகிறது. இருபது பேரை உட்கார வைத்து ஒலிவாங்கியில் பேசினால் அங்கே தேநீர் வாய்க்குள் போகும், வேறெதுவும் உள்ளே போகாது. ஆனால் "பயணிகளுக்கானது எதுவும் அசல் இல்லை" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். விருந்தாளி இல்லாமல் தேநீர்ச் சடங்கே கிடையாது. உள்ளே வருபவர் புதியவரா, பழகியவரா என்பது இரண்டாம் கேள்வி. அவருக்காக அன்று காலையில் ஒருவர் பூ பறித்து வைத்தாரா, அந்த நாளுக்குப் பொருத்தமான எழுத்தோவியத்தை மாட்டினாரா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

முழுச் சந்திப்பு, அதை சாஜி என்பார்கள், ஏறக்குறைய நான்கு மணி நேரம் நடக்கும். கரி அடுக்குவது, சாப்பாடு, இனிப்பு, சற்று வெளியே போய்வருவது, பிறகு கொய்ச்சா என்ற கெட்டியான தேநீர், மறுபடி கரி, கடைசியாக உசுச்சா என்ற நுரைத் தேநீர். பயணிகளுக்குக் கிடைப்பது அந்தக் கடைசிப் பகுதி மட்டும். சின்னத் துண்டுதான், ஆனால் அது தனியாகவே நிற்கும்.

மழைக்காலப்பயணி, நீங்கள் போகும் மாதம் நல்ல மாதம். மே முதல் அக்டோபர் வரை தரைக்கு மேல் வைத்த கணப்பில் வெந்நீர் கொதிக்கும். நவம்பரில் தத்தாமி என்ற தரைப்பாயை எடுத்து, தரைக்குள் இருக்கும் ரோ என்ற குழி அடுப்பைத் திறப்பார்கள். சுமார் 42 செ.மீ. சதுரம். குளிர் வரும்போது நெருப்பு விருந்தாளிக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது, அதுதான் ஏற்பாடு. அந்த வருடத் தேயிலை ஜாடியைத் திறப்பதும் அப்போதுதான், ஆகவே தேநீர்க்காரர்களுக்கு நவம்பர் புத்தாண்டு மாதிரி. பல வீடுகளில் அன்று ஸென்ஸாய் தருவார்கள். சிவப்புப் பயறை இனிப்பாக வேகவைத்து, மொச்சி என்ற ஒட்டரிசி உருண்டை போட்டது. நம் ஊர்ப் பாயசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். நாற்காலியும் மேசையும் வைத்துச் செய்யும் ரியூரெய் என்ற முறை இருக்கிறது. யாரோ இப்போது வசதிக்காகக் கண்டுபிடித்தது இல்லை. 1872 கியோத்தோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டவருக்காக உராசென்கே என்ற தேநீர்ப் பள்ளியின் 11ஆம் தலைவர் கென்கென்சாய் வகுத்தது. நூற்றைம்பது வருட வழக்கம். பதிவு செய்யும்போது "ரியூரெய் உண்டா, ஒரு வேளைக்கு எத்தனை பேர்" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள்.

மழைக்காலப்பயணி

அக்கா, ரொம்ப நன்றி. ஸென்ஸாய் என்றதும் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. சைவம் பற்றியும் சொல்லுங்கள். அப்புறம் அம்மாவின் இன்னொரு கேள்வி: ஒரே கிண்ணத்தில் எல்லோரும் வாய் வைத்துக் குடிப்பார்களாமே? அவர் வீட்டிலேயே டம்ளரை அண்ணாந்துதான் குடிப்பார்.

நாராவாசி

ஒரே கிண்ணம் கைமாறுவது கொய்ச்சாவில். உங்களுக்குக் கிடைக்கப்போகும் உசுச்சாவில் ஆளுக்கொரு கிண்ணம், எச்சில் பிரச்சினை இல்லை. ஆனால் அண்ணாந்து ஊற்ற முடியாது, நுரை அப்படி இறங்காது. உதடு வைத்துத்தான் ஆக வேண்டும் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

தேநீருக்கு முன் வரும் இனிப்புகள் பெரும்பாலும் பயறு, அரிசி மாவு, சர்க்கரை. கெட்டியாக வெட்டித் தரும் யோகானிலும் கடற்பாசிதான், ஜெலட்டின் இல்லை. சாப்பாடு சேர்த்துத் தரும் நிகழ்ச்சி என்றால் மட்டும் எச்சரிக்கை. பார்க்க வெறும் காய்கறியாகத் தெரியும், ஆனால் சாறு கட்சுவோ என்ற உலர்ந்த மீனில் இறக்கியதாக இருக்கும். கோயில்களில் கிடைக்கும் ஷோஜின் உணவைத் தேடிப் போங்கள், அது துறவிகளின் சைவம்.

கிண்ணம் கைக்கு வந்ததும் இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் அணைத்து, இரண்டு முறை வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். விருந்து தருபவர் கிண்ணத்தின் அழகான முகத்தை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருப்பார். அந்த முகத்தில் வாய் வைக்கக் கூடாது என்றுதான் திருப்புகிறோம். கடைசி வாயை உறிஞ்சும் சத்தம் கேட்கலாம், கேட்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் கழற்றிவிட வேண்டும். கிண்ணத்தில் கீறல் விழும். தத்தாமியின் துணிக் கரையை மிதிக்கக் கூடாது.

இன்னொன்று. உள்ளே போய் உட்கார்ந்ததும் யாராவது பேசுவதற்கு முன் கெண்டியைக் கேளுங்கள். தண்ணீர் கொதிக்கும் சத்தத்தை "பைன் மரக் காற்று" என்று அழைப்பார்கள். அந்த ஒலிக்காகவே சில கெண்டிகளின் அடியில் உள்பக்கமாகச் சின்ன இரும்புத் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். குளிர்ந்த தண்ணீரை ஒரு அகப்பை ஊற்றியதும் அந்தக் காற்று நின்றுபோகும். ஏழு வருடமாகக் கேட்கிறேன், அந்த நொடியில் எனக்கு இன்னும் மூச்சு நின்று வருகிறது.

தெற்குவாசல்

நான் போன இடத்தில் கெண்டி மின்சாரத்தில் ஓடியது. இப்படி ஒரு சத்தம் உண்டு என்றே எனக்குத் தெரியாது. சரி, என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். நான் தவறான இடத்துக்குப் போயிருக்கிறேன், தயார் இல்லாமலும் போயிருக்கிறேன்.

நாராவாசி

மின்கணப்பு பல பயிற்சி வீடுகளிலும் உண்டு, அதில் தவறில்லை. உங்களுக்கு அது சொல்லப்படாமல் போனதுதான் வருத்தம். அடுத்த முறை கியோத்தோ போனால் யாமசாகி நிலையத்தில் இறங்குங்கள். எதிரிலேயே மியோகிஆன் கோயில். அங்கிருக்கும் தாய்ஆன் என்ற தேநீர்க் குடிலை சென் நோ ரிக்யூ அமைத்ததாகச் சொல்கிறார்கள், தேசியப் பொக்கிஷம். தேநீர் தருபவரின் இடத்தையும் சேர்த்து அறை மொத்தமே இரண்டு தத்தாமி. முன்கூட்டி அஞ்சலட்டை எழுதி அனுமதி கேட்க வேண்டும், உள்ளே விட மாட்டார்கள், வெளியிலிருந்துதான் பார்க்கலாம். அதன் வாசல் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுதான். இத்தகைய குடில்களில் சாமுராயாக இருந்தாலும் வாளை வெளியே மாட்டிவிட்டுக் குனிந்துதான் நுழைய வேண்டும். நாட்டையே ஆண்ட ஹிதேயோஷிக்குத் தேநீர் ஆசானாக இருந்தவர் ரிக்யூ. 1591இல் அதே ஹிதேயோஷியின் ஆணையால் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

உடைந்தகோப்பை

தங்கத்தால் ஒட்டுவது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நான் ஏமாந்தேன். கின்ட்சுகி என்று பெயர். எனக்கு வேண்டிய ஒரு கோப்பையை இங்கிருந்து துணி சுற்றி எடுத்துப்போய், ஒன்றரை மணி நேர வகுப்பில் ஒட்டிக்கொண்டு வந்தேன். பளபளவென்று இருந்தது. ஊருக்கு வந்து காபி ஊற்றிய பிறகுதான் தெரிந்தது, அவர்கள் தந்தது கடையில் கிடைக்கும் இரசாயனப் பசையும் பித்தளைப் பொடியும். உணவுக்கு ஆகாது என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை.

உண்மையான வேலை உருஷி என்ற மரத்தின் பாலில் நடக்கிறது. அதைக் கோதுமை மாவோடு பிசைந்து ஒட்ட வேண்டும். அது காய்வதில்லை, ஈரத்தில்தான் இறுகும். அதற்கென்று ஈரப்பதம் வைத்த மரப்பெட்டிக்குள் ஒரு வாரம், இரண்டு வாரம் வைத்திருப்பார்கள். பிறகு பள்ளத்தை நிரப்பி, தேய்த்து, மேலே சிவப்பு உருஷியால் கோடு இழுத்து, அது பாதி இறுகிய பதத்தில் தங்கப் பொடி தூவ வேண்டும். ஒரு கிண்ணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும். பச்சை உருஷி தோலில் பட்டால் சேரான்கொட்டை பட்ட மாதிரி தடித்துவிடும், இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள்.

பத்து நாளில் இது முடியாது. ஒட்டும் கட்டத்தைப் பார்க்க மட்டும் போகலாம், ஆனால் "உருஷியா, வேறு பசையா" என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு போங்கள்.

தறிக்காரன்

அம்மா தையல் ஆசிரியை என்கிறீர்கள். அப்படியானால் ஒரு நாளை எடுத்து தோகுஷிமாவுக்குப் போய் வாருங்கள். ஒசாகாவிலிருந்து பேருந்தில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், ஆகாஷிப் பாலத்தைக் கடந்து அவாஜித் தீவு வழியாகப் போகும். பக்கத்தில் அய்சுமி என்ற ஊரில் "அய் நோ யகாதா" இருக்கிறது. பழைய நீலச் சாய வியாபாரி ஒருவரின் வீடு, இப்போது அருங்காட்சியகம். கைக்குட்டையோ துண்டோ வாங்கி நீங்களே சாயம் முக்கலாம்.

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை சாயப்பட்டறை. தாத்தா காலத்தில் அவுரி நீலம்தான். திண்டிவனம் பக்கமிருந்து கட்டி கட்டியாக வரும். நம் முறையில் பச்சை இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்து அடித்துக் கலக்கி, அடியில் தங்கும் வண்டலைப் பிழிந்து கட்டியாக்குவார்கள். அந்தக் கட்டியைக் கரைக்கத் தாத்தா சுண்ணாம்பும், வேகவைத்த தகரை விதையும் போட்டு மண்பானையில் புளிக்க வைப்பார்.

ஜப்பானில் செடியே வேறு. அது அவரைக் குடும்பத்து அவுரி இல்லை, ஆற்றங்கரையில் வளரும் வேறொரு பூண்டு. இலையைக் காயவைத்து, குவித்து, தண்ணீர் தெளித்துப் புரட்டிப் புரட்டி மட்கவைக்கிறார்கள். சுமார் நூறு நாள். குவியலுக்குள் 60, 70 டிகிரி சூடு ஏறும், அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். குளிர்ந்தால் வைக்கோல் பாய் போர்த்துவார்கள். முடிவில் கிடைக்கும் கறுப்பு மண் மாதிரியான பொருளுக்கு சுகுமோ என்று பெயர். அதைச் சாம்பல் நீர், கோதுமைத் தவிடு, சாகே என்ற அரிசி மது, சுண்ணாம்பு சேர்த்துத் தொட்டியில் புளிக்கவிட்டால் மேலே நீல நுரை பொங்கும். அதை அவர்கள் "நீலத்தின் பூ" என்பார்கள். பூ வந்தால் தொட்டிக்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏன் தோகுஷிமா என்றால் யோஷினோ ஆறு. சூறாவளி மழையில் கரை உடைத்து நெல்லை அழிக்கும். நீலச்செடியை அதற்கு முன்பே அறுத்துவிடலாம். வெள்ளம் கொண்டுவரும் வண்டல் அடுத்த பயிருக்கு உரம். அந்தப் பகுதியை ஆண்ட ஹாச்சிசுகா பிரபுக்கள் ஊக்கம் கொடுத்து வளர்த்த தொழில் அது. பிறகு மெய்ஜி காலத்தில் (1868–1912) இந்தியாவிலிருந்து போன மலிவான நீலமும் அடுத்து ஜெர்மனியின் செயற்கை நீலமும் அதை அடித்துப் போட்டன. ஜெர்மன் சாயம் நம் அவுரியையும் விடவில்லை. எங்கள் பட்டறைப் பானை எப்படிக் கவிழ்ந்ததோ அப்படித்தான் அங்கும். அங்கே சில குடும்பங்கள் விடாமல் பிடித்துக்கொண்டன. அதனால்தான் போகச் சொல்கிறேன்.

ஒசாகாசெல்வி

தறிக்காரன் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு எனக்கும் ஒன்று சேர்க்கத் தோன்றுகிறது. ஒசாகாவில் புன்ராகு என்ற பொம்மலாட்டத்துக்கான தேசிய அரங்கு இருக்கிறது. நவம்பரில் வழக்கமாக நிகழ்ச்சி உண்டு. முழு நாளும் உட்கார வேண்டியதில்லை, ஒரு காட்சிக்கு மட்டும் சீட்டு கிடைக்கும்.

ஒரு பொம்மையை மூன்று பேர் இயக்குவார்கள். தலையும் வலது கையும் ஒருவர், இடது கை ஒருவர், கால் ஒருவர். கால் பிடிக்கவே பத்து வருடம், இடது கைக்குப் பத்து வருடம் என்பது அங்கே வழக்கமான பேச்சு. அம்மாவை இதைக் கவனிக்கச் சொல்லுங்கள்: பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் காலே கிடையாது. கால் பிடிப்பவர் கிமோனோவின் கீழ்விளிம்பை விரலால் கிள்ளி நகர்த்துவார், நமக்கு அவள் நடப்பது தெரியும். மண்டியிடும்போது துணிக்குள் அவர் முஷ்டிதான் முழங்கால். அந்த உடையை ஊசி நூலால் பொம்மையில் பொருத்தி உடுத்துவதும் தலை பிடிக்கும் கலைஞரே.

ஓரத்தில் கதை சொல்லும் தயூ தொடங்குவதற்கு முன் ஏட்டை இரு கையாலும் நெற்றிக்கு உயர்த்துவார். நம் வீட்டில் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நினைவுக்கு வந்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிமோனோ வாடகைக்கு எடுத்தால் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இடது பக்கம் வலதின் மேல் வர வேண்டும். மாற்றிப் போர்த்துவது இறந்தவர்களுக்கு.

மழைக்காலப்பயணி

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிவு அவருடையது: ஒரு தேநீர், ஒரு பொம்மலாட்டம், ஒரு சாயத்தொட்டி. வேறு எதுவும் பதிவு செய்யவில்லை. வந்து எழுதுகிறேன்.

மழைக்காலப்பயணி (மூன்று வாரம் கழித்து)

வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேநீருக்கு நாங்கள் போனது நான்கு பேர் மட்டும் உட்காரும் ஒரு வீடு. நாற்காலி முறை. பூச்சாடியில் ஒரே ஒரு வெள்ளைக் கமேலியா மொட்டு, இலையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நாராவாசி அக்கா சொன்னபடி கெண்டியைக் கேட்டோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கிண்ணம் வந்ததும் பழக்கதோஷத்தில் தலையை அண்ணாந்துவிட்டார், உடனே சமாளித்து உதட்டில் வைத்தார். தேநீர் தந்த அம்மையார் அதைக் கவனித்து என்ன என்று கேட்டார், நான் விளக்கினேன். அவர் அம்மாவின் கிண்ணத்தைச் சுட்டிக்காட்டி, "இது இன்று உங்களுக்கு மட்டும்" என்று தன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அம்மா மூன்றே வாயில் குடித்துக் கடைசியில் நன்றாகச் சத்தமாக உறிஞ்சினார்.

புன்ராகுவில் அம்மா முதல் பத்து நிமிடம் கறுப்புத் துணி போர்த்திய ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர்கள் மறைந்துவிட்டார்களாம். இடைவேளையில் கேட்டார்: "அந்தப் பொண்ணு உக்காந்தப்ப சேலை மடிப்பு எப்படி விழுந்தது பாத்தியா?" கிமோனோவைச் சேலை என்றே சொன்னார், நான் திருத்தவில்லை.

தோகுஷிமாதான் எங்கள் இருவருக்கும் நெஞ்சில் நின்றது. தறிக்காரன் அண்ணா, அந்த நெடியை நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் வாசலிலேயே நின்றிருப்பேன். ஆளுக்கொரு வெள்ளைக் கைக்குட்டை கொடுத்து, ரப்பர் வளையம் போட்டு எப்படி முடிச்சிடலாம் என்று காட்டினார்கள். அம்மா வளையத்தை ஓரமாக வைத்துவிட்டு நூல் கேட்டார். துணியை நகத்தால் கடுகளவு கிள்ளி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, அறுக்காமல் அடுத்த புள்ளிக்குத் தாவினார். சின்ன வயதில் எங்கள் தெருவில் சுங்குடி கட்டிய பெண்களிடம் கற்றது. வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி தன் வேலையை விட்டுவிட்டு வந்து குனிந்து நின்றார். பிறகு உள்ளே போய்த் தான் முடிச்சிட்ட துணி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். மொழி இல்லாமல் இருவரும் அரை மணி நேரம் ஒருவர் முடிச்சை ஒருவர் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொட்டியில் முக்கி வெளியே எடுத்தபோது துணி பச்சையாக இருந்தது. அம்மா "தப்பாப் போச்சு" என்று என் கையைப் பிடித்தார். காற்றில் விரித்துப் பிடிக்கச் சொன்னார்கள். கண் முன்னாலேயே ஓரத்திலிருந்து நீலம் ஏறியது. ஒரு முறை மட்டும் முக்கிய வெளிர் நீலத்துக்கு "ஜாடியை எட்டிப் பார்த்தது" என்று பெயராம். அம்மா நாலு முறை எட்டிப் பார்த்தார்.

தறிக்காரன்

படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். அந்தப் பச்சையைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று! புள்ளிகள் வெள்ளையாக நின்றனவா, நீலம் உள்ளே கசிந்ததா? முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசச் சொல்லுங்கள். சோப்பு வேண்டாம். வெயிலில் போடாமல் நிழலில் காயவிடுங்கள்.

தெற்குவாசல்

அந்தத் தேநீர் வீட்டுக்கு எப்படிப் பதிவு செய்தீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். மார்ச்சில் என் தங்கையோடு போகிறேன்.

மழைக்காலப்பயணி

தெற்குவாசல், அனுப்பிவிட்டேன். நாலு இடம்தான், சீக்கிரம் எழுதுங்கள்.

தறிக்காரன் அண்ணா, இருவருமாக நூற்றுப்பத்துப் புள்ளி கட்டினோம், ஆறில் மட்டும் கசிந்திருக்கிறது. அந்த ஆறும் நான் கட்டியவை. நேற்று நீங்கள் சொன்ன மாதிரி ஊறவைத்தோம். தண்ணீரில் நீலம் இறங்கும் என்று நினைத்தால் தேயிலைத் தண்ணீர் மாதிரி லேசான மஞ்சள்தான் இறங்கியது. நீலம் அப்படியே இருக்கிறது. இப்போது மாடி நிழலில் காய்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த துணிக்கு முடிச்சிட்டுக்கொண்டிருக்கிறார். திண்டிவனம் பக்கம் அவுரிக் கட்டி இன்னும் யாரிடம் கிடைக்கும் என்று கேட்கச் சொன்னார்.